ஐந்தாம் நம்பர் மெஷின்

முதலில் நின்றது தறிச் சத்தம். மின்விசிறி ஓய்ந்ததையும் குழல்விளக்கு அணைந்ததையும் கெசியா அதற்குப் பிறகுதான் கவனித்தாள். கருமத்தம்பட்டியில் தறிச் சத்தம் காதுக்குள்ளேயே குடியிருக்கும். ஓடும்போது யாருக்கும் கேட்காது, நின்றால்தான் கேட்கும். டயாலிசிஸ் சென்டருக்குத் தெற்கே ஒரு தறிக்குடோன், மேற்கே இரண்டு, பின்சந்தில் எத்தனை என்று யாரும் எண்ணியதில்லை. அத்தனையும் ஒரே மூச்சில் நின்றிருந்தன. ஒரு குடோன் மட்டும் நின்றால் அங்கே ஃபியூஸ் போயிருக்கும். எல்லாம் நின்றால் லைனே போய்விட்டது, சீக்கிரம் வராது. இது இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆறு மெஷின்களும் கூவத் தொடங்கின.

ஆறு கட்டில், ஆறு பேர். ஒவ்வொருவர் கையிலிருந்தும் ஒரு குழாயில் வெளியே வந்த ரத்தம், மெஷினைச் சுற்றி, சுத்தமாகி, இன்னொரு குழாயில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. எந்த நேரம் பார்த்தாலும் ஒரு ஆளின் ரத்தத்தில் ஒரு டம்ளர் அளவு உடம்புக்கு வெளியே இருக்கும். கரண்ட் போனால் சுத்தம் செய்வது நின்றுவிடும். மெஷினுக்குள் இருக்கும் பேட்டரி ரத்தத்தை உறையவிடாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இருபது நிமிடம் தாங்கும் என்று மெஷினோடு வந்த புத்தகம் சொல்லும். அதற்குள் ஜெனரேட்டர் வந்துவிடும். வழக்கமாக அரை நிமிடம்கூட ஆகாது.

கெசியா மனதுக்குள் எண்ணினாள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. வரவில்லை.

ஒவ்வொரு மெஷினாகப் போய்ச் சத்தத்தை அமர்த்தினாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. தெரியாது என்பது அவளுக்கே தெரியும். நர்சிங் படித்த காலத்திலிருந்தே அப்படித்தான். பயம் வந்தால் மற்றவர்களுக்குக் கை கால் உதறும், அவளுக்கு முகம் கல்லாகிவிடும். அதைப் பார்த்தவர்கள் நிதானம் என்று பெயர் வைத்தார்கள். நான்கு மாதங்களுக்கு முன் ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆக்கியபோது டாக்டர் சொன்ன காரணமும் அதுதான்: "நீங்க பதற மாட்டீங்க சிஸ்டர்." அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு சந்தேகம். பதறாமல் இருப்பதும் அசையாமல் நின்றுவிடுவதும் ஒன்றா?

"ஏனுங்க்கா, ஆரம்பிச்சரலாங்களா?" நிலோஃபர் அருகில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள். டெக்னீஷியன் நிலோஃபர் கெசியாவைவிட மூன்று வயது இளையவள். கேட்க நினைத்ததை உடனே கேட்டுவிடுபவள். ஆரம்பிப்பது என்றால் ரத்தத்தை உள்ளே திருப்பி ஏற்றி, இன்றைய டயாலிசிஸை அத்தோடு முடிப்பது.

"சித்தெ இரு. அண்ணங்கிட்டக் கேட்டுடறேன்."

அண்ணன் என்றது எலக்ட்ரீஷியன் கோபாலசாமியை. போன் அடித்தவுடனே எடுத்தார்.

"இப்ப வந்துருமுங்க சிஸ்டர்," என்றார். பின்னால் ஜெனரேட்டரின் செல்ஃப் மோட்டார் இழுக்கும் சத்தம் கேட்டது. இழுத்தது, பற்றவில்லை.

"இப்ப வந்துருமாம்," என்றாள் கெசியா, நிலோஃபரிடமும் தனக்கும் சேர்த்து.

அவசரப்பட முடியாததற்கு அவளிடம் காரணம் இருந்தது. இன்சார்ஜ் ஆன முதல் மாதம் இதே போல் ஒரு நாள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஆறு பேருக்கும் ரத்தத்தை ஏற்றச் சொல்லிவிட்டாள். பாதி ஏற்றும்போதே ஜெனரேட்டர் வந்தது. ஆறு செட் குழாய் வீண், ஆறு பேருக்குப் பாதி டயாலிசிஸ். அடுத்த மீட்டிங்கில் மேனேஜர் சிரித்துக்கொண்டே, "நம்ம கெசியா சிஸ்டருக்கும் பதட்டம் வருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

இன்று வேறு கணக்கும் இருந்தது. ஐந்தாம் கட்டில் சென்னியம்மாளுக்குப் போன முறை காய்ச்சல், வரவில்லை. ஐந்து நாள் இடைவெளி. காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. நான்கு மணி நேர டயாலிசிஸை இரண்டே முக்கால் மணி நேரத்தோடு முடித்து அனுப்பிவிட்டு, ராத்திரி மூச்சுத் திணறினால் யார் பொறுப்பு?

"கெசியாம்மா," முதல் கட்டிலிலிருந்து அமீர் ஹம்சா கூப்பிட்டார். வீடு கோட்டைமேடு, கடை இங்கே பஸ் ஸ்டாப்புக்கு எதிரில். தறிச் சாமான் விற்பவர். ஆறு வருடமாக வாரம் மூன்று நாள் வந்து படுப்பதால் சென்டரைத் தன் கடைக்குக் கிளை என்பார். "கரண்டு போச்சுன்னு என்ற கடைப் பசங்களுக்குக் கொண்டாட்டமா இருக்கும். இங்க என்ன நெலவரம்?"

"ஒண்ணுமில்லீங்க பாய். ஜெனரேட்டர் போடறாங்க."

"போடட்டும், போடட்டும். நமக்கு எங்க போகோணும்? கட்டிப்போட்டுத்தான வெச்சிருக்கறீங்க."

மூன்றாம் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். நல்லது, சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மறுபடி மெஷின்கள் கூவின. அமர்த்தினால் இரண்டு நிமிடம்தான் சும்மா இருக்கும். இன்னொரு டெக்னீஷியன் ரவிதேஜா அந்தப் பக்கம் இரண்டை அமர்த்த, அவள் இந்தப் பக்கம் மூன்றை அமர்த்தினாள். மூலையில் இருந்த ஐந்தாம் மெஷின் மட்டும் கூவவில்லை. அந்த மட்டும் நல்லது. சென்னியம்மாள் போர்வையை முகம்வரை இழுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்ப வேண்டியதில்லை.

இரண்டாவது முறை போன் செய்தாள்.

"ஆச்சுங்க சிஸ்டர். ரெண்டே நிமிசமுங்க."

"ஆச்சுங்களா, ஆகப்போகுதுங்களா?"

"ஆச்சுங்க, ஆச்சுங்க."

ரவிதேஜா கைகளைப் பிசைந்துகொண்டு மூன்றாம் கட்டிலுக்கும் நான்காம் கட்டிலுக்கும் நடுவில் நடந்தான். அன்னூரில் தெலுங்கு பேசும் வீட்டுப் பையன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். அவனால் ஓரிடத்தில் நிற்க முடியாது. "சிஸ்டர், பம்பக் கையால சுத்தற கைப்பிடிய எடுத்து வெச்சுக்கட்டுங்களா? சும்மா எடுத்து மட்டும் வெச்சுக்கறேன்."

"பேசண்டுக பாத்தா பயந்துக்குவாங்க ரவி. இரு."

சொல்லி முடித்தவுடன் அந்தச் சொல் அவளுக்கே பிடிக்கவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்தாள். குடோன்களிலிருந்து ஆட்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் டீக்கடைப் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் கரண்ட் வரும் என்று நினைப்பவன் அப்படி உட்கார மாட்டான். இதை முதல் நொடியிலேயே தெரிந்துகொண்டவள் இத்தனை நேரம் என்ன செய்துகொண்டிருந்தாள்? கோபாலசாமி சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கோபாலசாமி என்ன சொன்னார்? முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லக் கூசுகிற மனிதர் என்ன சொல்வாரோ அதைச் சொன்னார். அவளும் அந்த ஊர்க்காரிதான். போன மாதம் அவர் தன் மகள் சீருக்குக் கூப்பிட்டபோது, போக முடியாது என்று தெரிந்துகொண்டே "கண்டிப்பா வாரேனுங்க" என்று சொன்னவள்.

மூன்றாவது முறை போனை எடுத்தபோது குரலை மாற்றினாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். இல்லைன்னு சொன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன். மேனேஜர்கிட்டயும் சொல்ல மாட்டேன். இன்னும் பத்து நிமிசத்துக்குள்ள வருமா, வராதா?"

அந்தப் பக்கம் செல்ஃப் இழுப்பது நின்றது.

"வராதுங்க சிஸ்டர்," என்றார் கோபாலசாமி. "பேட்டரி செத்துப்போச்சுங்க. நேத்தே கொஞ்சம் மந்தமாத்தான் இருந்துச்சு. இன்னைக்கு மாத்திப்போடலாம்னு... ஆம்புலன்சு பேட்டரியக் கழட்டப் பையன் போயிருக்கறான். அரை மணி ஆகுமுங்க."

சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். கரண்ட் போய் ஆறு நிமிடம்.

கெசியா கதவைத் திறந்தாள். துணைக்கு வந்தவர்கள் உள்ளே வரக் கூடாது என்று அந்தக் கதவில் எழுதி ஒட்டியதும் அவள்தான். வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"ஆறு பேருக்கும் ஒவ்வொருத்தர் உள்ள வாங்க. செருப்பக் கழட்டிப்போட்டு, கையக் கழுவிட்டு வாங்க. ஓட வேண்டாம்." பிறகு அறையின் நடுவில் வந்து நின்று, படுத்திருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். "ஜெனரேட்டர் வராது. மெஷின் பேட்டரிய நம்பி இருக்க முடியாது. இப்ப உங்க ரத்தத்தக் கையால சுத்தி உள்ள ஏத்தப்போறோம். ஆளு நாங்க மூணு பேருதான் இருக்கறோம். ஒருத்தருக்கு நாலு நிமிசம் ஆகும். மீதி மூணு பேருக்கு நாங்க வர்ற வரைக்கும் உங்க ஆளுகளே கைப்பிடியச் சுத்தோணும். எப்படின்னு காட்டறேன். கையில கட்டியிருக்கறத யாரும் தொடாதீங்க."

அமீர் ஹம்சாதான் முதலில் வாய் திறந்தார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே கெசியாம்மா. 'ஒண்ணுமில்லீங்க'ன்னு நீங்க சொன்ன தினுசுலயே என்னமோ இருக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு."

"தப்புத்தானுங்க பாய்."

"சரி சரி, எனக்குக் கடைசியாப் பாருங்க. என்ற மருமகன் நல்லாச் சுத்துவான், வேற வேலை ஒண்ணும் தெரியாது."

மருமகன் முகமது ரியாஸ் கையிலிருந்து தண்ணீர் சொட்ட வந்து நின்றான். கெசியா கைப்பிடியை விரித்து, பம்ப் சக்கரத்தில் பொருத்தி, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். "இவ்வளவு மெதுவா. ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணி ஒரு சுத்து. வேகம் வேண்டாம். இந்தக் குப்பி தெரியுதுங்களா? இதுல ரத்தம் இந்தக் கோட்டுக்குக் கீழ இறங்குனா உடனே நிறுத்திப்போட்டு, என்னைக் கூப்புடுங்க. கத்துனாலும் பரவால்ல."

"என்னத்துக்குங்க, அக்கா?"

"காத்து உள்ள போயிரும்."

ரியாஸ் உதடு அசைய எண்ணத் தொடங்கினான்.

"ரவி, மூணு. நிலோஃபர், நாலு. ரவி, மெதுவா. மெதுவான்னா நெம்ப மெதுவா." ரவிதேஜா ஏற்கனவே கிணற்றில் வாளி இழுப்பதுபோல் சுற்றத் தொடங்கியிருந்தான். கெசியா அவன் முழங்கையைத் தொட்டாள். வேகம் பாதியானது. "அப்படியே. வாயில எண்ணு."

இரண்டாம் கட்டிலுக்கும் ஆறாம் கட்டிலுக்கும் இதேபோல் காட்டிக்கொடுத்துவிட்டு ஐந்துக்கு வந்தாள். சென்னியம்மாளின் மருமகள் கட்டிலருகே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தயாராக நின்றாள். கெசியா மெஷினின் பக்கவாட்டில் கைப்பிடியைத் தேடியபோதுதான் திரையைப் பார்த்தாள்.

திரை கருப்பாக இருந்தது. சன்னல் வெளிச்சம் அதன் மேல் பளபளத்ததால் தூரத்திலிருந்து எரிவதுபோல் தெரிந்திருக்கிறது.

கூவாமல் இருந்தது அதனால்தான். பேட்டரி தீர்ந்து, பம்ப் நின்று, கூவுவதற்கும் திராணியில்லாமல் அது செத்துக் கிடந்திருக்கிறது. எவ்வளவு நேரமாக? இரண்டாம் முறை சத்தத்தை அமர்த்தியபோதே. ஏழெட்டு நிமிடம். மற்றவர்கள் என்றால் பரவாயில்லை. ரத்தம் உறையாமலிருக்க எல்லோருக்கும் மருந்து ஏற்றியிருக்கிறது. சென்னியம்மாளுக்கு மட்டும் இன்று அந்த மருந்து கிடையாது. முந்தாநாள் கடைவாய்ப் பல் பிடுங்கியிருக்கிறாள். மருந்து போட்டால் பல்லிலிருந்து ரத்தம் நிற்காது. காலையில் சீட்டில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டதும் கெசியாதான்.

டார்ச்சை அடித்தாள். வடிகட்டிக்குள் ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய நூல்களுக்கு நடுவே கரும்பட்டைகள். குப்பியின் அடியில் கல்லீரல் துண்டுபோல் ஒன்று.

"சிஸ்டர்?" மூன்றாம் கட்டிலை முடித்துவிட்டு ரவிதேஜா பின்னால் வந்து நின்றான். அவனும் பார்த்தான். "மெதுவாத் தள்ளிப் பாக்கலாங்களா? கொஞ்சமாவது உள்ள போகுமில்ல? அந்தம்மாவுக்கு ஹீமோகுளோபினே ஏழுதானுங்க இருக்குது."

தள்ளினால் போகும். அரை டம்ளர் ரத்தம் மிஞ்சும். அதோடு சேர்ந்து எந்தக் கட்டி போகும் என்று யாருக்கும் தெரியாது. நுரையீரல் வரைக்கும் போகும். கெசியாவின் முகம் இறுகியது. நெஞ்சு மட்டும் தறி ஓடுவதுபோல் அடித்துக்கொண்டது. தள்ளு என்று சொல்ல அவளுக்குள் ஓர் ஆசை வந்தது உண்மை. தள்ளி, ஒன்றும் ஆகாமல் போனால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

"வேண்டாம்," என்றாள். "ரெண்டு பக்கமும் கிளாம்ப் போடு. ஊசிய எடுத்துக்கறேன். நீ போய் ஆறாம் பெட்டப் பாரு."

"முழுசும் வீணாப் போயிருமே சிஸ்டர்."

"போகட்டும் ரவி. ஆறு. போ."

அவன் போனான். மருமகள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "நான் சுத்தட்டுங்களா?"

"வேண்டாமுங்க. நீங்க அவங்க கையப் புடிச்சுக்குங்க. முடிச்சிட்டுச் சொல்றேன்."

இரண்டாம் கட்டில் பெரியவருக்கு அவர் மனைவி சுற்றினாள். எண்ணுவதற்குப் பதிலாக ஏதோ சாமி பெயரைச் சொல்லிச் சொல்லிச் சுற்றினாள், கணக்கு ஒரு சுற்றுக்கூடத் தப்பவில்லை. ரவிதேஜா போய்ச் சேர்வதற்குள் ஆறாம் கட்டிலில் ஒருமுறை குப்பியில் ரத்தம் இறங்க, சுற்றிக்கொண்டிருந்த துணைக்கு வந்த பையன் நிறுத்திவிட்டுக் கத்தினான்; நிலோஃபர் தாவிப் போய்ச் சரிசெய்தாள். அமீர் ஹம்சாவுக்குக் கடைசியாக ஏற்றி முடித்தபோது கரண்ட் போய் இருபத்திரண்டு நிமிடம். ஐந்து பேரின் ரத்தம் அவரவர் உடம்புக்குள் திரும்பியிருந்தது. ஒருத்தியின் ரத்தம் மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் கவரில் இருந்தது.

நிலோஃபர் சுவரில் சாய்ந்தாள். "தப்பிச்சோமுங்க்கா. நீங்க இருக்கவேதான் ஆச்சு. எப்படித்தான் இப்படி அசராம இருக்கறீங்களோ."

"அசராம இல்ல. மொதல் ஆறு நிமிசம் நான் நகரவே இல்ல, பாத்தீல்ல?"

நிலோஃபர் தலையாட்டினாள். பார்த்திருந்தாள்.

சென்னியம்மாள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அதுக்குள்ள முடிஞ்சுதா கண்ணு? இன்னைக்கு வெரசா உட்டுட்டீங்க," என்றாள்.

கெசியா ஸ்டூலை இழுத்து, அவள் முகம் தெரியும்படி உட்கார்ந்தாள்.

"முடியலீங்கம்மா. உங்க மெஷின் நின்னுபோச்சு. வெளிய இருந்த ரத்தம் உறைஞ்சுருச்சு, திருப்பி ஏத்த முடியல. ஒரு டம்ளர் ரத்தம் போயிருச்சுங்க."

"ஒரு டம்ளரா?" மருமகள் குரல் உயர்ந்தது. "அவங்களுக்கு இருக்கறதே அவ்வளவுதானுங்க!"

"கரண்டு போனா மெஷினு நிக்கத்தான செய்யும், அதுக்கு அந்தப் புள்ள என்ன பண்ணும்," என்றாள் சென்னியம்மாள்.

"இல்லீங்கம்மா. மெஷின் நின்னத நான் பாக்கல. சத்தம் வந்தா எல்லாரும் பயந்துக்குவீங்கன்னு அமர்த்திட்டே இருந்தேன். உங்களுது சத்தம் போடலன்னு அந்தப் பக்கமே வரல. மொதல்ல உங்களுக்குத்தான் பாத்திருக்கோணும்."

சென்னியம்மாள் அவளையே பார்த்தாள். கோபமா, யோசனையா தெரியவில்லை.

"அப்ப இப்ப என்ன பண்றது?"

"ஊட்டுக்கு அனுப்பமாட்டேனுங்க. கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே கூட்டிட்டுப்போறோம். மீதி டயாலிசிஸ் அங்க. ரத்தமும் அங்க ஏத்துவாங்க. நிலோஃபர் கூட வருவா."

"பஸ்ஸுலயா?"

"கார் சொல்லிட்டேன்."

"கார்ல எனக்குக் கொமட்டும்," என்றாள் சென்னியம்மாள். மருமகள் பக்கம் திரும்பி, "எலுமிச்சம்பழம் ஒண்ணு வாங்கு," என்றாள். கெசியாவை மன்னித்ததாகச் சொல்லவில்லை. கெசியா அதை எதிர்பார்த்து உட்காரவும் இல்லை.

கார் கிளம்பிக் கருமத்தம்பட்டி நால்ரோட்டில் திரும்பும்போது சென்டரின் பின்பக்கத்தில் ஜெனரேட்டர் இருமி, புகை கக்கி, ஓடத் தொடங்கியது. விளக்குகள் வந்தன. கோபாலசாமி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அவர் கண் மஞ்சள் கவரில் போய் நின்று, கீழே இறங்கியது.

"ஓடுதுங்க சிஸ்டர். அடுத்த ஷிஃப்ட ஆரம்பிச்சுக்கலாமுங்க."

"நிறுத்திப்போட்டு மறுபடி எடுத்தா எடுக்குமுங்களா அண்ணா?"

அவர் வாயைத் திறந்தார், 'எடுக்குமுங்க' என்பது உதடுவரை வந்தது தெரிந்தது. மூடிக்கொண்டார். துணியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"எனக்குத் தெரியலீங்க. புது பேட்டரி வந்து மாட்டுனாத்தான் சொல்ல முடியும். சாயங்காலம் ஆயிரும்."

மேனேஜர் போனில் வந்தார். டாக்டரும் நிலவரம் கேட்டுச் சந்தோஷப்பட்டதாகவும், அவள் நிதானமாகக் கையாண்டதாகவும் சொன்னார். பன்னிரண்டு மணி ஷிஃப்டை எப்போது ஆரம்பிப்பதாக உத்தேசம் என்று கேட்டார்.

"ஆரம்பிக்கறதில்லீங்க சார்."

"ஏனுங்க, அதான் ஜெனரேட்டர் ஓடுதுன்னாங்களே?"

"ஓடுது. நின்னா எடுக்குமான்னு சொல்ல ஆளில்ல. அஞ்சாம் மெஷின் பேட்டரியும் போச்சு, மத்ததப் பாக்கல. எழுதி மெயில் போடறேனுங்க சார், எங்க தப்பு நடந்துச்சுங்கறதையும் சேத்து."

அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பன்னிரண்டு மணிக்காரர்கள் வந்துவிட்டார்கள். கெசியா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். ஆறு பேர், துணைக்கு ஆறு பேர். ஒருவர் சூலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்; சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"இன்னைக்கு இங்க போட மாட்டோமுங்க," என்றாள். ஏன் என்பதையும் சொன்னாள்.

பேச்சு எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. போனில் சொல்லியிருக்கக் கூடாதா, விளக்குத்தான் எரியுதே, இப்படியே திரும்பிப் போகச் சொன்னா எப்படி, இதெல்லாம் ஒரு ஆஸ்பத்திரியா. அவள் எதையும் அமர்த்தவில்லை. எல்லாவற்றையும் கேட்டாள். சூலூர்க்காரரின் மனைவி மட்டும் கத்தவில்லை, பக்கத்தில் வந்து, "நாளைக்கு வரைக்கும் இவருக்குத் தாங்குமா அம்மணி?" என்று கேட்டாள்.

"தெரியலீங்க," என்றாள் கெசியா. "மத்த சென்டருகளுக்குப் போன் பண்ணி எடம் கேக்கறேன். ஆறு எடம் கெடைக்காது. ரெண்டு, மூணு கெடைக்கும். ஆருக்கு அவசரமோ அவங்க மொதல்ல." பேனாவை எடுத்தாள். மூடி கழன்று தரையில் உருண்டது, குனிந்து எடுக்கவில்லை. "நேத்திருந்து எவ்வளவு தண்ணி குடிச்சாருங்க? ராத்திரி படுத்துத் தூங்குனாரா, உக்காந்தே இருந்தாரா?"